பேனர் காணவில்லை

காலை ஆறே முக்காலுக்கு வருகைப் பதிவேடு.
தோளில் ஜோல்னாப் பை, அதில்
டார்ச், சுண்ணாம்புக்கட்டி, மருந்து பாட்டில்,
மதியத்துக்கு எலுமிச்சைச் சோறு.
பட்டாளத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது வீடு எனக்கு.
ஐம்பது கதவிலும் ஒரே வசனம்:
"தண்ணி தேங்க விடாதீங்க."

லாரி மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தெருவில்
இந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள்.
ஒரு குடத்துக்காக ராத்திரி இரண்டு மணிக்கு
வரிசையில் கல் வைத்தவள்
உங்களை மேலும் கீழும் பார்ப்பாள்.
கீழே ஊற்றச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.
"மூடி வைங்க" என்று மாற்றிக்கொண்டேன்.
இலாகாவுக்குத் தெரியாது.

டில்லியம்மா வாசலில் நீல டிரம்.
டார்ச் அடித்தால்
தலைகீழாகத் தொங்கி வாலால் மூச்சுவிடும் கூட்டம்;
வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும்.
"மூடி எங்கம்மா?"
"மார்க்கெட்ல கீது. அதுமேலதான் மீன் கொட்டி விக்கிறேன்.
உனுக்கு அது மூடி. எனுக்கு அதான் கடை."
மருந்து ஊற்றினேன். சுவரில் தேதி எழுதினேன்.
அடுத்த வாரமும் அதே டிரம், அதே நெளிவு,
தேதிக்குக் கீழே தேதி,
வாடகை பாக்கிக் கணக்கு மாதிரி.

நடுவில் ஒரு நாள், கை கழுவும் தினம் என்று
மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.
குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
நாற்பது பிள்ளைகளும் நானும்
இல்லாத சோப்பை இல்லாத தண்ணீரில் குழைத்து
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு
என்று காற்றில் கழுவினோம்.
மூன்றாம் வகுப்பு யுவஸ்ரீ, டில்லியம்மா மகள்,
கையை நன்றாக உதறி
பாவாடையில் துடைத்துக்கொண்டாள்,
ஈரம் இருந்தது போலவே.

ஐப்பசியில் அவளுக்குத்தான் காய்ச்சல்.
எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
பிளேட்லெட் கணக்கை டில்லியம்மா
மீன் விலை மாதிரி மனப்பாடமாகச் சொன்னாள்:
நாப்பது, இருபத்திரண்டு, அப்பாலிக்கா அறுபது.
மூடியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
சுவரிலிருந்த தேதிகள்
எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த வாரம்தான் தெருமுனையில் பேனர் கட்டினோம்.
பத்துக்கு ஆறு.
ஆட்டோ அளவுக்கு ஒரு கொசு, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி,
"விழிப்புடன் இருப்போம், டெங்குவை ஒழிப்போம்."
மூன்றாம் நாள் கம்பு மட்டும் நின்றது.
ஆய்வாளர் அருமைநாதன் கத்தினார்:
"எத்தனை சொன்னாலும் இந்த ஜனங்களுக்குப் புத்தி வராது.
எந்த வீட்டுல இருக்குன்னு பார்த்து எழுது."

பார்த்தேன்.
நீல டிரம்மின் வாயில் இழுத்துக் கட்டியிருந்தது,
சைக்கிள் டியூப்பால் இரண்டு சுற்று,
விரல் நுழைய இடமில்லாமல்.
பக்கத்து வீட்டு டிரம்மிலும் ஒரு துண்டு. எதிர்வீட்டிலும்.
பத்துக்கு ஆறு என்றால்
ஆறு டிரம்முக்கு வரும் போல.

டில்லியம்மா செதிலொட்டிய கையோடு வந்தாள்.
தேய்ந்த சோப்பு, ஒரு சொம்புத் தண்ணீர்.
விரலிடுக்கு, நகக்கண்...
"மணிக்கட்டு வுட்ட" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.
அதையும் கழுவிவிட்டுத்தான் டியூப்பை அவிழ்த்தாள்.
டார்ச் அடித்தேன்.
டிரம்மின் அடி வரை தெரிந்தது.

எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி
திருப்பிக் கட்டியிருந்தாள்.
"ஏன் இப்படி?"
"கொசுதானே படிக்கணும்."

சுவரில் தேதி போட்டேன்.
பதிவேட்டில், ஆய்வாளர் கேட்ட கட்டத்தில்
எழுதினேன்:
பேனர் காணவில்லை.